ஆலிவர் நெல்சன்: தன் பாட்டுல மூணாவதா வாசிச்சவர்

ஹெட்ஃபோன் இருந்தா மாட்டிக்கோங்க. இந்த எபிசோட் 'ஸ்டோலன் மொமெண்ட்ஸ்'னு ஒரு ஜாஸ் பாட்டைப் பத்தி. வரியே கிடையாது, வெறும் கருவியிசை. எழுதினவர் ஆலிவர் நெல்சன். 1932-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ்ல பிறந்த சாக்ஸஃபோன் கலைஞர். என்னைக் கேட்டா, அதைவிடப் பெரிய அரேஞ்சர்.

அரேஞ்சர்னா? மெட்டு யாரோடதா வேணும்னா இருக்கலாம். அதை எந்தக் கருவி, எந்த ஸ்வரத்துல, எப்போ வாசிக்கணும், யார் எப்போ சும்மா இருக்கணும்னு எழுதிக் கொடுக்கிறவர்.

1961 பிப்ரவரி 23. நியூ ஜெர்சியில ரூடி வான் கெல்டரோட ஸ்டுடியோ. 'தி ப்ளூஸ் அண்ட் தி அப்ஸ்ட்ராக்ட் ட்ரூத்' ஆல்பம் மொத்தமும் அந்த ஒரே நாள்ல பதிவாச்சு. நெல்சனுக்கு அப்போ 28 வயசு. கூட வாசிச்ச ஆட்களைப் பாருங்க: ட்ரம்பெட் ஃப்ரெடி ஹப்பர்ட், ஆல்டோவும் ஃப்ளூட்டும் எரிக் டால்ஃபி, பியானோ பில் எவன்ஸ், பேஸ் பால் சேம்பர்ஸ், டிரம்ஸ் ராய் ஹெய்ன்ஸ்.

சாதாரண ப்ளூஸ் 12 பார்ல முடிஞ்சு திரும்பத் தொடங்கும். ஒரு பார்னா நாலு எண்ணிக்கை. 'ஸ்டோலன் மொமெண்ட்ஸ்' மெட்டை எண்ணிப் பார்த்தா 16 பார் வரும். ஆனா சோலோ ஆரம்பிச்சதும் பழைய 12 பார் மைனர் ப்ளூஸுக்கே வந்துடுவாங்க. மெட்டுல கொஞ்சம் புதுசு, வாசிக்கிறவங்களுக்குப் பழகின தரை. ஹப்பர்ட், டால்ஃபி ரெண்டு பேரும் வாசிச்ச பிறகுதான் நெல்சன் டெனர் சாக்ஸை எடுக்கிறார். ஒரு சின்ன வடிவத்தை எடுத்து, படிப்படியா நகர்த்திக்கிட்டே போறார். மத்தவங்க சோலோ மாதிரி மேல பாயாது. எனக்கு அதுதான் பிடிக்கும்.

ஏழாவது ஆள் ஒருத்தர் இருக்கார்: பாரிடோன் சாக்ஸ் ஜார்ஜ் பாரோ. ஆல்பம் முழுக்க அவருக்கு ஒரு சோலோகூட இல்ல. ஆனா நாலே நாலு ஊதுகருவி ஒரு பெரிய குழு மாதிரி கேக்குதுன்னா, அடியில அவர் பிடிக்கிற ஸ்வரமும் ஒரு காரணம்.

அப்புறம் மத்தவங்களுக்காக எழுதின காலம். ஜிம்மி ஸ்மித், வெஸ் மான்ட்கோமரி, 1966-ல் சோனி ராலின்ஸோட 'ஆல்ஃபி'. 1967-ல் லாஸ் ஏஞ்சலஸ் போனார். 'அயர்ன்சைட்', 'கொலம்போ', 'தி சிக்ஸ் மில்லியன் டாலர் மேன்'னு டிவி தொடர்களுக்கு இசை. ஜாஸ் ரசிகர்கள் சிலர் இதை 'வீணாப் போயிட்டாரு'ன்னு சொல்லுவாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். டெட்லைனுக்குள்ள ஒரு ஆர்கெஸ்ட்ராவுக்கே எழுதிக் கொடுக்கிறது சின்ன வேலையா? ஆனா அவர் சாக்ஸ் வாசிச்சுக் கேக்குறது குறைஞ்சுபோச்சு, அது நிஜமான இழப்பு. 1975 அக்டோபர்ல மாரடைப்பு. வயசு 43 தான்.

அவர் எழுதின 'பேட்டர்ன்ஸ் ஃபார் இம்ப்ரொவைசேஷன்' பயிற்சிப் புத்தகத்தை சாக்ஸ் கத்துக்கிறவங்க இன்னிக்கும் வாசிச்சுப் பழகுறாங்க. டெனர் சோலோவில சொன்னேனே, நகர்ந்துக்கிட்டே போற சின்ன வடிவம், அந்த மாதிரிதான் பக்கம் பக்கமா.

இப்போ பாட்டைப் போடுங்க. முதல் தடவை மெட்டைக் கேளுங்க. ரெண்டாவது தடவை பாரோவை மட்டும் தேடிப் பிடிங்க.