மலைச்சரிவில் ஓர் ஏக்கர்

"பாட்டனார் விட்டுச்சென்ற மலைநிலத்தில் நிற்கும் மரத்தை வெட்டப் பேரனுக்கு அனுமதி எதற்கு?" ஊரைவிட்டுத் தொலைவில் வாழும் நம் அன்பர்களுள், மலைப்புறத்தில் நிலமுள்ளோர் இவ்வாறு கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. ஆயினும் மரத்தைப் பார்க்குமுன் அதிகாரிகள் இரண்டை வினவுவர்: நிலம் யாருடையது? பரப்பு எவ்வளவு?

இரண்டாவது வினா எளிதென்று எண்ணவேண்டா. 1949ஆம் ஆண்டுச் சென்னைத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம், அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த மலபாரில், தொடர்ச்சியாக 100 ஏக்கருக்கு மேற்பட்ட தனியார் காடுகளைக் கட்டுப்படுத்திற்று. கலெக்டரின் முன்னனுமதியின்றி அவற்றை விற்கலாகாது, மரங்களை வெட்டலாகாது.

அந்த நூறை அளப்பது எங்ஙனம்? அளவைச் சங்கிலியின் நீளம் 66 அடி. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். சமவெளியில் தொல்லையில்லை. மலைச்சரிவிலோ சங்கிலியைத் தரையோடு கிடத்தினால் கணக்கு மிகும். நில அளவையில் கொள்ளப்படுவது கிடைமட்டப் பரப்பே. ஆதலின் அளப்போர் சங்கிலியை மட்டமாகப் பிடித்துப் படிப்படியாக இறங்கி அளப்பர். 30 பாகைச் சரிவில் தரையோடு அளந்தால் 110 ஏக்கர் காட்டும் நிலம், மட்டமாக அளந்தால் ஏறக்குறைய 95 ஏக்கரே தேறும். மண்வெட்டிக்கு 110, பதிவேட்டுக்கு 95!

இதன் விளைவு சிறிதன்று. அச்சட்டத்துக்குட்பட்ட மலபார்க் காடுகளை, பயிரேறிய சில நிலங்கள் நீங்கலாக, 1971 மே 10 முதல் கேரள அரசு தன் உடைமையாக்கிக்கொண்டது. அனுமதிக்கென வகுத்த எல்லை, உடைமையையே பறிக்கும் எல்லையாயிற்று.

நிலம் யாருடையது என்னும் வினாவுக்கு நீலகிரி மாவட்டத்துக் கூடலூர் சான்று. மலபாரைச் சேர்ந்த நிலம்பூர்க் கோவிலகத்தாருக்கு அங்கு ஜன்ம நிலங்கள் இருந்தன. அம்முறையை ஒழிக்க 1969இல் சட்டம் பிறந்தது. காடுகளைப் பொறுத்தமட்டில் அது செல்லாதென 1972இல் உச்சநீதிமன்றம் கூறிற்று. 1974இல் அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் அது அடைக்கலம் புகுந்தது. வழக்குகள் நீண்டன. இலங்கையிலிருந்து திரும்பிய நம்மவர் பலரும் பட்டா இன்றியே அங்குக் குடியமர்ந்தனர். விந்தை யாதெனில், கூடலூர்க் காடழிவைக் கண்டு 1995இல் உச்சநீதிமன்றத்தை அணுகியவர் அக்கோவிலகத்துக் கோதவர்மன் திருமுல்பாடே! பதிவேட்டில் காடெனக் குறித்த நிலம் யாருடையதாயினும் காடே என 1996 டிசம்பர் 12 அன்று நீதிமன்றம் ஆணையிட்டது.

ஆகவே விண்ணப்பிக்குமுன், பட்டா இன்னும் பாட்டனார் பெயரிலேயே உள்ளதா என்று பாருங்கள். பத்திரத்திலுள்ள பரப்பைப் புலப்படத்தோடு ஒப்பிடுங்கள். தமிழ்நாட்டு மலைப்பகுதியாயின், 1955ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டப்படி அமைந்த மாவட்டக் குழுவின் அனுமதியும் வேண்டும்.