கார் நிறுத்தத்தின் கூரையைப் பாருங்கள்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மிளகும் சுக்கும் மணக்கும் பழைய கிடங்கு ஒன்றின் சுவரில் கை வைத்தால் விரலில் வெள்ளைத் தூள் ஒட்டும். சுவர் ஓதம் காத்து, உப்புப் பூத்திருக்கிறது. பூச்சு உதிர்ந்த இடத்தில் சிவந்த வெட்டுக்கல் தெரிகிறது. பின்வாசலைத் திறந்தால் காயல், காற்று முழுக்கக் கடல். இருந்தாலும் சுவர் அசையவில்லை. நடந்துபோகும் தூரத்தில் பரதேசி யூதர் ஆலயம் 1568 முதல் இதே உப்புக்காற்றைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது.

இதே கொச்சியில், காயலுக்கு அக்கரையில் வைற்றிலாவில் இன்னொரு கதை. ராணுவத்தினருக்காகக் கட்டப்பட்ட ‘சந்தர் குஞ்ச்’ குடியிருப்பு 2018இல் முடிந்தது. மூன்று கோபுரங்கள், 264 வீடுகள். சில ஆண்டுகளிலேயே தூண்களும் கூரைகளும் வெடிக்கத் தொடங்கின. அவற்றில் பி, சி ஆகிய இரு கோபுரங்களையும் இடித்துவிட்டு மறுபடி கட்டித்தரும்படி 2025 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த இரண்டில் மட்டும் 208 வீடுகள். 2020 ஜனவரியில் மரடில் வெடிவைத்துத் தகர்த்த கட்டடங்களோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே குற்றம் கடலோர விதிமீறல். இங்கே கோளாறு கான்கிரீட்டுக்குள்ளேயே இருந்தது: ஆய்வுகளில் குளோரைடு, அதாவது உப்பின் அம்சம், அளவுக்கு மிஞ்சித் தெரிந்தது.

நூற்றாண்டுகள் தாங்கிய உப்பை ஏழு ஆண்டுக் கட்டடம் ஏன் தாங்கவில்லை? விடை ஒரே சொல்: கம்பி. வெட்டுக்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த சுவருக்குள் துருப்பிடிக்க எதுவும் இல்லை. உப்பு அதன் தோலை உரிக்கும், எலும்பைத் தொடாது. இன்றைய அடுக்குமாடிக்கு எலும்பே இரும்புதான். கான்கிரீட் கலக்கும் தண்ணீருக்கு நம் நாட்டுத் தரக்குறியீடு ஐ.எஸ். 456 விதிக்கும் வரம்பிலேயே இந்த வேறுபாடு தெரியும். கம்பி இல்லாத கான்கிரீட் என்றால் லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் குளோரைடு வரை போகலாம். கம்பி இருந்தால் 500தான். கடல் நீரிலோ சுமார் 19,000.

நல்ல கான்கிரீட் கடுமையான காரத்தன்மை கொண்டது. அந்தக் காரத்தில் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகி, துருவைத் தடுக்கும். குளோரைடு அந்தப் படலத்தில் ஓட்டை போடுகிறது. இதில் பொல்லாத விஷயம், இரும்பைத் துருவாக்கிய பிறகும் குளோரைடு தீர்ந்துபோவதில்லை. விடுபட்டு, மறுபடி அதே வேலைக்குப் போகும். இரும்பு துருவாகும்போது தன் பழைய பருமனைப்போல இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். உள்ளே இடமில்லாததால் கான்கிரீட்டைப் பிளக்கும். பிளவு வழியே இன்னும் உப்பும் ஈரமும் இறங்கும். சென்னை மவுலிவாக்கத்தில் 2014இல் 61 பேரைப் பலிகொண்ட அடுக்குமாடி இடிபாடு ஒரே மாலையில் நடந்தது. உப்பு அப்படி அவசரப்படாது.

உப்பு வரும் வழி இரண்டு. சரியாகக் கழுவாத கடல் மணலிலோ உவர் நீரிலோ கலவையோடு சேர்ந்தே வரலாம். அல்லது காற்றோடும் மழையோடும் வெளியிலிருந்து ஊறி இறங்கலாம். இரண்டாவது வழிக்குக் காவல், கம்பிக்கு மேலே இருக்கும் கான்கிரீட் போர்வை. இதற்காகத்தான் கம்பி கட்டும்போது அடியில் சிறு சிறு கவர் பிளாக்குகளை வைக்கிறார்கள். கடலோரச் சூழலுக்கு ஐ.எஸ். 456 கேட்பது 45 மில்லிமீட்டர். உப்பு ஊறி இறங்க எடுக்கும் காலம், ஏறக்குறைய ஆழத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கவர் பிளாக் நழுவிப் போர்வை பாதியானால், காலம் பாதியாகாது, கால் பங்காகிவிடும். நாற்பது ஆண்டு தாங்க வேண்டியது பத்தாண்டில் வெடிக்கும்.

ஓய்வூதியப் பணத்தையும் வங்கிக் கடனையும் திரட்டி வீடு பார்க்கப் போகிறவர்கள் டைல்ஸ், மாடுலர் கிச்சன், நீச்சல் குளம் எல்லாம் பார்க்கிறார்கள். தரத்தை முடிவு செய்யும் அந்த 45 மில்லிமீட்டரைப் புட்டியும் பெயின்ட்டும் மூடிவிடுகின்றன. மூடியதற்குள் கான்கிரீட்டின் நிலையைச் சோதிக்கக் கருவிகள் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு சங்கதியைத்தான் சொல்லும். ரீபவுண்ட் சுத்தியல் மேற்பரப்பின் கடினத்தைக் காட்டும். மீயொலி அலை வேகமாகப் பாய்ந்தால் உள்ளே கான்கிரீட் செறிவானது. இரண்டிலும் தேறிய தூணுக்குள் கம்பி அரித்துக்கொண்டிருக்கலாம். அதைப் பிடிக்க மின்னழுத்தச் சோதனை வேண்டும். செம்பு-செம்பு சல்பேட் மின்முனையை வைத்து அளக்கையில் மைனஸ் 350 மில்லிவோல்ட்டுக்கும் கீழே போனால், அந்த இடத்தில் துரு நடந்துகொண்டிருக்க 90 சதவீதத்துக்கும் மேல் வாய்ப்பு. துளையிட்டு எடுத்த தூளைச் சோதித்தால் குளோரைடு அளவே தெரிந்துவிடும்.

சட்டமும் துணைக்கு இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெராவின்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் சுட்டிக்காட்டும் கட்டமைப்புக் குறையைக் கட்டுநர் தன் செலவில் சரிசெய்தாக வேண்டும். ஆனால் வெளியிலிருந்து இறங்கும் உப்பு கம்பியை எட்டவே பெரும்பாலும் ஐந்து ஆண்டுக்கு மேல் ஆகும். விரிசல் கண்ணில் படும்போது கெடு முடிந்திருக்கும். அதனால் குடியிருப்போர் சங்கம் நான்காம் ஆண்டிலேயே செலவைப் பகிர்ந்து ஒரு சோதனை செய்துகொள்வது நல்லது.

வாங்கப் போகிறவர் செய்யக்கூடியது இன்னும் எளிது. இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழை நன்றாகப் பிடித்த பிறகு, ஒரு டார்ச்சோடு போங்கள். மாதிரி வீட்டைப் பார்க்கும் முன் கார் நிறுத்தும் தளத்துக்கு இறங்குங்கள். புட்டியும் பால்ஸ் சீலிங்கும் பெரும்பாலும் எட்டாத இடம் அது. கான்கிரீட் அங்கே வெறும் மேலோடு இருக்கும். கூரையில் கம்பி ஓடும் வழியே நேராக விரிசல் போகிறதா? பழுப்புக் கறை கசிகிறதா? தூணின் அடியை ஒரு நாணயத்தால் தட்டுங்கள். ‘டங்’ என்று கெட்டியாகக் கேட்டால் மேலே ஏறி டைல்ஸைப் பார்க்கலாம். ‘பொத்’ என்று கேட்டால், முன்பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு சோதனை அறிக்கையைக் கேளுங்கள்.