எலும்பு சூப்: உடம்புக்கு எது, வயலுக்கு எது?



முகப்பேரில் சந்தான சீனிவாசப் பெருமாள் கோயில் இருக்கிறது. பிள்ளை வரம் கேட்டு வருகிறவர்கள் அதிகம். 'மகப்பேறு' என்பதுதான் முகப்பேர் ஆயிற்று என்று ஊரார் சொல்வதுண்டு. மகப்பேறு என்றாலே, அசைவம் சாப்பிடும் வீடுகளில் ஆட்டுக்கால் சூப் நினைவுக்கு வந்துவிடும். பிள்ளை பெற்றவளுக்கு இடுப்பு பலப்பட, முறிந்த எலும்பு கூட, சளி இறங்க என்று எல்லாவற்றுக்கும் அதைத்தான் வைத்துக் கொடுக்கிறோம். 'கால் வலிக்கு ஆட்டுக்கால், நெஞ்சுச் சளிக்கு நெஞ்செலும்பு' என்பது பெரியவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு எவ்வளவு தூரம் சரி என்று பார்ப்போம்.

பழக்கம் மிகப் பழையது. இளைத்தவர்களுக்கு மாமிச ரசம் கொடுக்கலாம் என்று சரக சம்ஹிதை சொல்கிறது. இடியாப்பத்துக்கு ஊற்றிக்கொள்ளும் பாயா இருக்கிறதே, அது கால் என்று பொருள்படும் பாரசீகச் சொல். மேல்நாட்டில் 1679-ல் டெனிஸ் பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர், மூடியை இறுக்கி ஆவியை உள்ளேயே அடக்கிய பாத்திரத்தில் எலும்பை மெத்தென்று வேகவைத்துக் காட்டினார். நம் வீட்டுக் குக்கருக்கு அதுதான் பாட்டன்.

எலும்பில் முக்கியமாக இரண்டு சத்துகள் உண்டு. ஒன்று கொலாஜன் என்ற பசைச்சத்து. மற்றொன்று கடினமான சுண்ணாம்பும் பாஸ்பரஸும். கொதிக்க வைத்தால் பசைச்சத்து கரைந்து ஜெலட்டினாகிறது. சூப் ஆறினால் கூழ் மாதிரி உறைவது இதனால்தான். ஆனால் சுண்ணாம்பு அவ்வளவு சுலபத்தில் தண்ணீரில் இறங்காது. தக்காளி, எலுமிச்சை போன்ற புளிப்பு சேர்த்து நெடுநேரம் வேகவைத்தால் கொஞ்சம் கூடுதலாக இறங்கும், அவ்வளவுதான்.

இதைப் பலர் சோதித்திருக்கிறார்கள். பாரிஸ் நகரில் ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் எலும்பு ஜெலட்டின் சூப் கொடுத்து வந்தார்கள். அது போதுமா என்று ஆராய்ந்த மஜந்தி குழு 1841-ல் அறிக்கை கொடுத்தது. ஜெலட்டினை மட்டும் தின்ற நாய்கள் மெலிந்து செத்தன. உடம்புக்கு வேண்டிய டிரிப்டோபான் என்ற புரதக்கூறு ஜெலட்டினில் கிடையாது என்று இன்று தெரியும். 1934-ல் இங்கிலாந்தில் மெக்கான்ஸ், விட்டோசன் முதலியோர் எலும்புச் சாற்றைச் சோதித்து, அது பாலுக்கு ஈடாகாது என்றார்கள். 2017-ல் வெளியான தைவான் ஆய்விலும், ஒரு வேளை சூப்பில் கிடைக்கும் சுண்ணாம்புச்சத்து அன்றாடத் தேவையில் நூற்றுக்கு 5 பங்குகூட இல்லை என்று கண்டார்கள்.

அப்படியானால் சூப்பே வேண்டாமா? அப்படியில்லை. சூடான நீர், உப்பு, மிளகு, சீரகம், பூண்டு எல்லாம் சேர்ந்து மூக்கடைப்பைத் தளர்த்தும், பசியைத் தூண்டும். சோறு இறங்காதவருக்கு நல்ல ஆகாரம். ஆனால் எலும்புக்குப் பலம் வேண்டுமென்றால் சூப்பை மட்டும் நம்பக் கூடாது.

பாலூட்டும் தாய்க்கு நாள் ஒன்றுக்கு 1200 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. ஒரு டம்ளர் பாலில் 240 வரை கிடைக்கும். நாம் என்ன செய்கிறோம்? கறக்கிற பாலை முழுக்க சொசைட்டியில் ஊற்றிவிட்டு, அந்தக் காசில் ஆட்டுக்கால் வாங்குகிறோம்! முதலில் வீட்டுப் பெண்ணுக்கு இரண்டு டம்ளர் பாலை எடுத்து வையுங்கள். காலையில் கேழ்வரகுக் கூழ், மதியம் முருங்கைக்கீரை, ஒரு முட்டை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையைத் தவறாமல் சாப்பிடச் சொல்லுங்கள். அதற்கு மேல் சூப் இருந்தால் நல்லதுதான்.

சூப் வைப்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. நோயில் செத்த ஆட்டைத் தொடவே கூடாது. அடைப்பான் நோயாக இருந்தால் அறுக்கிறவருக்கும் கழுவுகிறவருக்கும்கூடத் தொற்றும். கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

2. காலைத் தீயில் வாட்டி, சுரண்டி, மஞ்சள் போட்டுக் கழுவுங்கள்.

3. மிதக்கும் கொழுப்பை எடுத்துவிடுங்கள். மிஞ்சியதை இரவு முழுக்க வெளியில் வைத்து மறுநாள் குடிக்காதீர்கள்.

4. ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் உப்பைக் குறைக்க வேண்டும். யூரிக் அமிலம் கூடி மூட்டு வீங்குகிறவர்கள் மருத்துவரைக் கேட்டுக் குடிக்க வேண்டும்.

5. எலும்பு முறிந்தால் முதலில் ஆஸ்பத்திரி, பிறகுதான் சூப்.

கடைசியாக ஒரு வார்த்தை. சூப்பில் இறங்காத சுண்ணாம்பும் பாஸ்பரஸும் எங்கே போயின? சட்டியில் கிடக்கும் எலும்பிலேயே இருக்கின்றன. கடையில் விற்கும், ஆவியில் வேகவைத்த எலும்புத் தூளில் நூற்றுக்கு 22 பங்காவது பாஸ்பேட் இருக்க வேண்டும் என்பது உரக் கட்டுப்பாட்டு விதி. ஆகவே வெந்த எலும்பைக் குப்பையில் எறியாதீர்கள். வெயிலில் காயவைத்து, உலக்கையால் நொறுக்கி, மக்கிய எருவோடு கலந்து தென்னை, எலுமிச்சைக் குழியில் போடுங்கள். நாய் தோண்டாதபடி ஒரு அடி ஆழத்தில் புதையுங்கள். மெதுவாகத்தான் கரையும், ஆனால் பலகாலம் பலன் கொடுக்கும்.

சாறு நமக்கு, எலும்பு மண்ணுக்கு, பாலும் கேழ்வரகும் பிள்ளை பெற்றவளுக்கு. இப்படிப் பிரித்துக்கொண்டால் எதுவும் வீணாகாது.