இரண்டு பாதைகளுக்கு ஒரு வண்டி

பழைய மோட்டார் வண்டி வைத்திருப்பவனைக் கண்டால் ஊரார் இருவகையாகச் சிரிப்பதுண்டு. வண்டி ஓடும்போது ஒரு சிரிப்பு. ஓடாமல் நிற்கும்போது வேறொரு சிரிப்பு. இவ்விரண்டையும் பல வருடங்களாக வாங்கிப் பழகியவன் என்ற உரிமையுடன்தான் இக்கட்டுரையை எழுதத் துணிகிறேன்.

என்னிடம் இருப்பது 1965ஆம் ஆண்டில் செய்யப்பட்ட ஒரு லாண்ட் றோவர். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 88 அங்குல நீளமுடைய சிறிய வகை. ஒரு காலத்தில் தோட்டத்துத் துரை ஏறிச் சென்ற வண்டி. 1975ஆம் ஆண்டில் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானபின் பல கைகள் மாறி, கடைசியில் என் தாய்மாமனுடைய கொட்டிலில் கோழிகளுக்குக் கூடாகிக் கிடந்தது. மாமா அந்நாளில் தோட்டத்து லொறிச் சாரதி. "எடுத்துக்கிட்டுப் போ தம்பி, கோழிக்கு வேற கூடு கட்டிக்கிறேன்" என்று சொல்லி எனக்குத் தந்தார்.

எனக்கு இவ்வண்டி வேடிக்கைக்காக வேண்டியிருக்கவில்லை. நான் இறத்தோட்டையில் குடியிருந்துகொண்டு மாத்தளையில் படிப்பிக்கிறேன். நாள்தோறும் தார் றோட்டிலே போய்வர வேண்டும். என் தாயாரோ மலையிலே, தகப்பனார் விட்டுச்சென்ற சிறு தேயிலைத் துண்டை விட்டு இறங்கமாட்டேன் என்று பிடிவாதமாக இருக்கிறார். அங்கே செல்லும் கடைசி மூன்று மைல் பாதை பாதையல்ல. மழைநீர் அரித்த கல்லும் சேறும், நடுவே ஓர் ஓடையும். மாதம் ஒருமுறை அவரை மாத்தளை ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குக் கொண்டுவந்தாக வேண்டும். ஆகவே பள்ளிக்கூடத்துக்கும் பாறைக்கும் ஒரே வண்டி என்பது எனக்கு விதிக்கப்பட்டது.

இவ்வண்டியின் பிறப்பே இத்தகைய ஒரு தேவையிலிருந்துதான். இங்கிலாந்தில் றோவர் கம்பனியின் பிரதம பொறியியலாளராக இருந்த மொரிஸ் வில்க்ஸ் என்பவர் அங்கில்சித் தீவிலிருந்த தமது பண்ணையில் யுத்தத்தில் மிஞ்சிய அமெரிக்க ஜீப்பு ஒன்றை வைத்திருந்தார். அது பழுதானால் அதற்கு ஈடாக எதை வாங்குவது என்ற கேள்வியே லாண்ட் றோவருக்கு வித்து. 1947இல் மாதிரி செய்து, 1948 ஏப்ரலில் அம்ஸ்டர்டாம் கண்காட்சியிலே வெளியிட்டார்கள். யுத்தத்துக்குப் பின் உருக்குக்குக் கடும் தட்டுப்பாடு. ஆதலால் உடலை அலுமினியக் கலவைத் தகட்டால் செய்தார்கள். நமது மலைநாட்டு மழையிலே இவ்வண்டிகள் இன்றும் உருக்குலையாமல் நிற்பதற்கு அந்தத் தட்டுப்பாடும் ஒரு காரணம். ஆனால் தகட்டைத் தாங்கும் சஸி உருக்குப் பெட்டி. அது உள்ளிருந்தே துருப்பிடிக்கும். பழைய வண்டி வாங்குவோர் மேற்பூச்சைப் பார்ப்பதை விட்டு, ஒரு சிறு சுத்தியலோடு தரையிலே படுத்து, சஸியைத் தட்டிப் பார்ப்பதே புத்தி. நல்ல உருக்கு மணிபோலச் சத்தமிடும். அரித்தது பொத்தென்று விழும்.

நானோ சுத்தியலை மறந்தேன். பத்திரிகைப் படங்களில் பார்த்த உயரமான ஜீப்புகளின் மோகம் என்னைப் பிடித்திருந்தது. மாத்தளையிலே ஒரு கராஜில் ஸ்பிறிங்குகளுக்கு மேலதிகப் பட்டை சேர்த்து, வண்டியை இரண்டு அங்குலத்துக்குமேல் உயர்த்தினேன். 6.00-16 அளவு ரயர்களைக் கழற்றி 7.50-16 போட்டேன். கூரையிலே நான்கு விளக்குகள் வேறு. நகரத்து நெரிசலிலே அவ்விளக்குகளால் யாருக்கு என்ன பயன் என்று அப்போது என்னை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் செவிசாய்த்திருக்க மாட்டேன்.

இங்கே ஒரு சங்கதியை விளக்க வேண்டும். கல்லிலே முதலில் இடிபடுவது வண்டியின் உடலல்ல. இரு சக்கரங்களுக்கும் நடுவே பானைபோலத் தொங்கும் டிபரென்சியல். அது அச்சோடு சேர்ந்தது. ஸ்பிறிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் உடல்தான் மேலே போகும். பானை இருந்த இடத்திலேயே இருக்கும். பானையை உயர்த்தக்கூடியது ரயர் ஒன்றே. அதற்கும் விலை உண்டு. ரயர் பெருத்தால் கியர் விகிதமும் அதற்கேற்ப உயர்ந்துவிடும். எஞ்சின் மூச்சுத் திணறும். மைல் காட்டும் கருவி உண்மையைக் குறைத்துச் சொல்லும். பிறேக் பிடிக்கும் வலுவும் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு தளரும். 7.50 ரயரோடு பள்ளிக்கூடம் போய்வந்த அந்த மாதங்களில், சிறு ஏற்றத்துக்கெல்லாம் மூன்றாம் கியருக்கு இறங்கி, பின்னால் வந்த பஸ்களின் கோபத்துக்கு ஆளானேன்.

மாமா ஒருநாள் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். கீழே குனிந்தார். "போறதுக்கு எல்லாம் செஞ்சிருக்க தம்பி. நிக்கிறதுக்கு என்ன செஞ்ச?" என்றார். பிறேக் நன்றாகத்தானே பிடிக்கிறது என்றேன். அவர் மறுமொழி சொல்லவில்லை.

அடுத்த மாதம் கிளினிக் நாள். லாண்ட் றோவரின் முன்புறத்தில் மூவர் இருக்கலாம். தாயார் கதவோரம், மாமா நடுவில், நான் சாரதி ஆசனத்தில். மலைப்பாதையில் ஒரு குழியிலே பின் சக்கரம் முழுதாகத் தொங்கி இறங்கியது; அவ்வளவுதான், மற்றப்படி சுகமாகத் தார் றோட்டை அடைந்தோம். மழை தூறிக்கொண்டிருந்தது. இரண்டாவது கொண்டை ஊசி வளைவுக்குமுன் பிறேக்கை மிதித்தேன். கால் தடையின்றித் தரைவரை சென்றது. மீண்டும் மிதித்தேன். ஒன்றுமில்லை.

அக்காலத்து வண்டிகளுக்கு நான்கு சக்கரங்களுக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்று. ஓரிடத்தில் ஒழுகினால் நான்கும் போயிற்று. வண்டி இரண்டாம் கியரில் இருந்தது. முதல் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் இவ்வகையில் சிங்க்ரோமெஷ் இல்லை. இறக்கத்திலே பதற்றத்தோடு மாற்றப்போனால் பல்லிலே பல் விழாமல் நடுவிலே நின்றுவிடும். பிறகு எஞ்சினின் பிடியும் இல்லை. "கியரைத் தொடாதே!" என்று மாமா அதட்டினார். அவருடைய கை ஏற்கெனவே கைப்பிறேக்கில் இருந்தது. இவ்வண்டியின் கைப்பிறேக் சக்கரங்களில் அன்று, கியர்ப்பெட்டிக்குப் பின்னாலுள்ள தண்டிலே பிடிப்பது. எண்ணெயோடு அதற்குச் சம்பந்தமே இல்லை. ஒரேயடியாக இழுத்தால் பின் சக்கரங்கள் இறுகி வழுக்கும். மாமா இழுத்தும் விட்டும், இழுத்தும் விட்டும் வந்தார். நான் பள்ளத்தாக்கை விட்டு மலைப்பக்கத்துக் கானுக்குள் முன் சக்கரத்தை இறக்கினேன். இடது மட்கார்ட் மண்மேட்டிலே நசுங்கி, வண்டி நின்றது. தாயார் மடியிலிருந்த கிளினிக் கொப்பியை இறுகப் பற்றியபடி, "வந்துட்டோமா?" என்று கேட்டார்.

காரணத்தைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. சஸியிலிருந்து பின் அச்சுக்குச் செல்லும் றப்பர்க் குழாய் கிழிந்திருந்தது. ஸ்பிறிங்கை உயர்த்தியதால் அச்சுக்கும் சஸிக்கும் இடையே தூரம் கூடியது. குழாயின் நீளம் கூடவில்லை. குழியிலே சக்கரம் தொங்கியபோது அது இழுபட்டு நைந்து, வளைவிலே என் காலின் அழுத்தத்துக்கு அறுந்தது. ஆகவே குற்றம் வண்டியுடையதன்று. கிழவனுக்குக் குமரன் வேஷம் போட்ட என்னுடையது.

அதன்பின் வேலையைத் தலைகீழாகத் தொடங்கினோம். முதலாவது பிறேக். குழாய்கள் யாவும் புதியன. 109 அங்குல நீள வண்டிக்குரிய 11 அங்குலப் பிறேக் டிரம்கள் முன் சக்கரங்களுக்கு. பிந்திய மூன்றாம் வரிசை வண்டியொன்றின் இரட்டைச் சுற்று மாஸ்ரர் சிலிண்டர். இப்போது ஒரு பக்கம் ஒழுகினாலும் மறுபக்கம் பிடிக்கும். ஸ்பிறிங்குகளைப் பழைய உயரத்துக்கே இறக்கினேன். பட்டைகளைக் கழற்றிப் பார்த்தால் துருவினாலே ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டையாக இருந்தன! கம்மாலையில் அவற்றைப் பிரித்து, சுரண்டி, கிறபைட் கிறீஸ் தடவி மீண்டும் அடுக்கினோம். வண்டி அதன்பின் குழிகளில் வளைந்து கொடுத்த விதத்தைக் கண்டு, புதிதாக எதையோ பூட்டியிருப்பதாகத்தான் பலரும் நினைத்தார்கள். நடுவே தடித்து நுனியில் மெலிந்த இரண்டு மூன்று பட்டைகளாலான பரபோலிக் ஸ்பிறிங் இன்று கிடைக்கிறது, மிக நல்லது. ஓர் உபாத்தியாயரின் சம்பளத்துக்கு கிறீஸே பொருத்தம்.

ரயரில் 7.00-16 என்று நடுவழி கண்டேன். பானைக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் லாபம். எஞ்சினுக்கும் தாங்கக்கூடிய சுமை. மலைப்பாதை தொடங்குமிடத்தில் காற்றைச் சில இறாத்தல் குறைப்பேன். திரும்பியதும் கால்பம்பினால் அடிப்பேன். நான்கு சக்கரப் பூட்டுக்கு மஞ்சள் குமிழை அழுத்துவதும், தாழ் விகிதத்துக்கு வண்டியை நிறுத்திச் சிவப்புக் கைப்பிடியை இழுப்பதும் அங்கேதான். காய்ந்த தார் றோட்டிலே மஞ்சள் குமிழைத் தொடுவதில்லை. முன் பின் அச்சுகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும்.

2022இல் பெற்றோல் வரிசையில் இரவு பகலாக நின்ற நாட்களிலே, ஜப்பானிய டீசல் எஞ்சின் ஒன்றைப் பூட்டிவிடும்படி நண்பர்கள் யாவரும் வற்புறுத்தினர். நியாயமான யோசனைதான். என்னுடைய 2286 சி.சி. பெற்றோல் எஞ்சின் குடிப்பதற்கு வெட்கப்படாத பேர்வழி. ஆயினும் புதிய டீசலின் முறுக்குவலுவைத் தாங்க இவ்வண்டியின் கியர்ப்பெட்டி பிறக்கவில்லை. பின் அச்சின் உள்தண்டுகளோ ஆதியிலிருந்தே மெலிவுக்குப் பேர்போனவை. எஞ்சினை மாற்றினால் கியர்ப்பெட்டி, அதை மாற்றினால் அச்சு, பின் பதிவுப் புத்தகத்திலே திருத்தம் என்று வால் நீண்டுகொண்டே போகும். அதை விடுத்து, எஞ்சினைப் பிரித்துச் செப்பனிட்டு, கியர்ப்பெட்டியின் பின்னே பூட்டும் ஓவர்டிரைவ் ஒன்றைப் பழையதாகத் தேடி வாங்கினேன். சமதரையில் எஞ்சினின் சுழற்சி ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு குறைகிறது. காதுக்கும் பைக்கும் ஆறுதல்.

மழைக்காலத்தில் ஓடையைக் கடக்குமுன் ஒரு சடங்கு உண்டு. கிளச்சு அறையின் அடியிலுள்ள துவாரத்திலே ஒரு திருகாணியைப் பூட்டவேண்டும். இல்லையேல் நீர் உள்ளே புகும். அக்கரை சேர்ந்தபின் கழற்றிவிடவும் வேண்டும். மறந்தால் கசியும் எண்ணெய் தங்கிக் கிளச்சு வழுக்கும். அத்திருகாணி என் தாயாரின் பொறுப்பு. வெற்றிலைப் பையிலே பாக்குவெட்டியோடு வைத்திருக்கிறார். ஓடை வந்ததும் கேளாமலே எடுத்து நீட்டுவார். அக்கரையில் கையை நீட்டித் திருப்பி வாங்குவார்.

கூரை விளக்குகளை விற்றுவிட்டேன். நசுங்கிய மட்கார்ட்டை நிமிர்த்த மாமா சம்மதிக்கவில்லை. இப்போது ஸ்டியரிங் றிலேயில் எண்ணெய் கசிகிறது. தவணை விடுமுறை வந்ததும் அதைக் கழற்றவேண்டும்.