அரசாங்கச் சந்தையில் சிறியோர்க்கு இடம்



அரசாங்கம் என்றதும் நம் நினைவுக்கு வருவன சட்டமும் வரியும் காவலுமே. ஆனால் அதற்கு மற்றொரு முகமும் உண்டு. நாட்டிலே அதைவிடப் பெரிய வாடிக்கைக்காரர் இல்லை. அலுவலகத்து நாற்காலி முதல் மருத்துவமனைக் கட்டில் வரையில் நாள்தோறும் அது எதையேனும் வாங்கிக்கொண்டே இருக்கிறது. தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையின்றி வழங்கப்படும் சீருடையை எண்ணிப் பாருங்கள். மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்கள் அதைத் தைத்துத் தருகிறார்கள். ஏதேனும் ஒரு பெரிய ஆலையிடம் மொத்தமாக வாங்கியிருந்தாலும் பிள்ளைகளுக்குச் சீருடை கிடைத்திருக்கும். வேலையைப் பகிர்ந்து கொடுத்ததனால் சீருடையும் கிடைத்தது. பல வீடுகளில் அடுப்பும் எரிந்தது. வாங்கும் பொருள் ஒன்றே ஆயினும், வாங்கும் முறை மாறினால் பயன் பெருகுகிறது. இதனைச் சற்றே விளக்க விரும்புகிறேன்.

கள்ளக்குறிச்சியை எடுத்துக்கொள்வோம். 2019-ஆம் ஆண்டில் தனி மாவட்டமான ஊர் அது. அவ்வூர் மரச் சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மேற்கே கல்வராயன் மலை. அங்கே தேன், புளி, கடுக்காய், சாமை எல்லாம் கிடைக்கின்றன. மலைக்கு ஒருபுறம் சேலத்தில் உருக்காலை. மறுபுறம் நெய்வேலியில் நிலக்கரி நிறுவனம். இரண்டும் மத்திய அரசின் நிறுவனங்கள். அவற்றுக்கு மேசையும் வேண்டும், சீருடையும் வேண்டும், உணவு விடுதிக்குப் பொருளும் வேண்டும். செய்பவரும் இருக்கிறார், வாங்குபவரும் தொலைவில் இல்லை. இடையில் டெண்டர் என்னும் வாயில் ஒன்று நிற்கிறது.

அவ்வாயில் சிறியவருக்குக் குறுகலாகத் தோன்றுவதற்குக் காரணம் மூன்று. கேட்கப்படும் அளவு அவர் தகுதிக்கு மிகப் பெரிது என்பது ஒன்று. டெண்டரோடு கட்ட வேண்டிய முன்வைப்புத் தொகை இரண்டாவது. சரக்கைக் கொடுத்துவிட்டுப் பணம் வரும்வரையில் காத்திருக்க முதல் இல்லாமை மூன்றாவது.

இக்குறைகளைத் தீர்க்கும் முயற்சி பழையது. 1955-இல் தொடங்கப்பெற்ற தேசியச் சிறுதொழில் கழகம், அரசுக் கொள்முதலில் சிறுதொழிலுக்கு இடம் தேடித் தருவதைத் தன் பணிகளில் ஒன்றாகக் கொண்டது. 2012-இல் மத்திய அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. அமைச்சகங்களும் மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களும் தாம் வாங்குவதில் நூற்றுக்கு 20 பங்கைக் குறு, சிறு தொழில்களிடம் வாங்க வேண்டும் என்பது அது. 2015 முதல் இது கட்டாயமாயிற்று. 2018-இல் வந்த திருத்தம் அதனை 25 ஆக உயர்த்தியது. அதற்குள் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் நடத்தும் தொழில்களுக்கு 4 பங்கும், மகளிர் தொழில்களுக்கு 3 பங்கும் உரியவை. மாநில அரசுத் துறைகள் வாங்குவதற்கு 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு ஒப்பந்தப்புள்ளிச் சட்டம் தனியே இருக்கிறது.

மத்திய ஆணை நடைமுறையில் எவ்வாறு இயங்குகிறது? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நிறுவனம் 1,000 மேசைகள் கேட்கிறது. பெரிய ஆலை ஒன்று மேசைக்கு 5,000 ரூபாய் என்று எல்லாரினும் குறைந்த விலை சொல்கிறது. சின்னசேலத்துத் தச்சுக்கூடம் ஒன்று 5,600 ரூபாய் என்று எழுதியிருக்கிறது என வைத்துக்கொள்ளுங்கள். குறைந்த விலைக்குமேல் நூற்றுக்கு 15 வரை, அதாவது 5,750 ரூபாய் வரை சொன்ன சிறுதொழிலார் போட்டியிலிருந்து விலக்கப்படுவதில்லை. தாமும் 5,000 ரூபாய்க்குத் தர இசைந்தால், 250 மேசை செய்யும் வேலை அவருக்குக் கிடைக்கும். அத்தகையோர் பலர் இருந்தால் அவ்வேலை அவர்களுக்குள் பகிரப்படும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அரசாங்கம் ஒரு காசும் கூடுதலாகக் கொடுக்கவில்லை. சிறியவருக்குக் கிட்டுவது இரண்டாம் முறை பேசும் வாய்ப்பே. அந்த விலையில் கட்டுப்படியாகுமா என்பதை அவர்தாம் முன்னரே கணக்கிட்டிருக்க வேண்டும்.

முன்வைப்புத் தொகையிலிருந்து அவருக்கு விலக்கு உண்டு. டெண்டர் படிவமும் இலவசம். இவற்றைப் பெற உத்யம் என்னும் பதிவு தேவை; அதற்கும் கட்டணம் இல்லை. ஆனால் பிறரிடம் வாங்கி விற்கும் வணிகருக்கு இந்த உரிமைகள் இல்லை. பொருளை ஆக்குவோருக்கும் பணி செய்வோருக்குமே உண்டு. பணம் வராத துன்பத்துக்கு 2006-ஆம் ஆண்டுச் சட்டம் மருந்து வைத்திருக்கிறது. சரக்கை ஏற்ற 45 நாட்களுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு, மாதந்தோறும் கூட்டு வட்டியாகச் சேரும்.

இனி மலைக்கு வருவோம். கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் 1976 வரையில் ஜாகீர்தார்களின் ஆளுகைக்கு உட்பட்டிருந்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயத்தால் அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னர்ச் சென்னை உயர் நீதிமன்றம் மலைமக்களின் வாழ்க்கை நிலையைத் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. நல்ல பிழைப்பு மலையேறாத இடத்தில் என்ன நேரும் என்பதை நாடே எண்ணிப் பார்க்க நேர்ந்தது. ஆணையிலுள்ள 4 பங்கு இத்தகைய மக்களுக்கு உரியது. எனினும் அந்த 4 பங்கும் முழுமையாக எட்டப்படாத ஆண்டுகளே மிகுதி. தேனெடுப்பவர் ஒருவர் தனியே நின்று டெண்டர் போட இயலாது. வடிகட்டி, தரம் பார்த்து, புட்டியில் அடைத்துத் தரும் தொழிற்கூடமாக மலைமக்கள் ஒன்றுகூடினால்தான் அந்தப் பங்கைக் கேட்க முடியும்.

ஆணையில் பெயர் சொல்லப்படாத மற்றொரு கூட்டத்தாரும் இருக்கிறார்கள். நாட்டுக்காகப் படையில் நின்று கையையோ காலையோ இழந்து ஊர் திரும்பியவர்களைக் குறிப்பிடுகிறேன். முன்னாள் படைவீரருக்காகத் தமிழ்நாட்டில் 1986-இல் டெக்ஸ்கோ என்னும் கழகம் அமைந்தது. அதன் வழியே பலர் காவற்பணி பெறுகின்றனர். அது நன்றே. ஆனால் சம்பளம் வேறு, தொழில் வேறு. தாமே ஒரு பட்டறை வைத்துப் பிறருக்கும் வேலை கொடுக்க விரும்பும் வீரருக்கு, 2012 ஆணையிலும் தனிப் பங்கு இல்லை. 2018 திருத்தத்திலும் இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தொழில் தொடங்கச் சலுகை விலையில் நிலம் ஒதுக்கும்போது நூற்றுக்கு 5 பங்கு தரச் சொல்கிறது. பட்டறைக்கு இடம் கொடுத்தோம். அங்கே செய்த பொருளை வாங்குவதற்குப் பங்கு வகுக்கவில்லை.

அமெரிக்க நாட்டு அனுபவம் இங்கே பயன்படும். படைப்பணியில் ஊனமுற்றோரின் தொழில்களுக்கு மத்திய அரசு ஒப்பந்தங்களில் நூற்றுக்கு 3 என்று 1999-இல் அந்நாடு இலக்கு வகுத்தது. ஆண்டுகள் பல கடந்தும் இலக்கு எட்டவில்லை. சில ஒப்பந்தங்களில் அவர்கள் மட்டுமே போட்டியிடலாம் என்று 2003-இல் ஒரு சட்டம் வழிசெய்தது. 2012 நிதியாண்டிலேதான் முதன்முறையாக 3-ஐத் தொட்டார்கள். 2024-இல் இலக்கு 5 ஆயிற்று. எண்ணை எழுதுவது தொடக்கம். அதை எட்டும் வழியை வகுத்து, ஆண்டுதோறும் கணக்கைப் பலரறிய வைத்தால்தான் எண் உயிர்பெறும்.

நம் ஆணையிலும் அவ்வீரர்களின் பெயர் இடம்பெற வேண்டும் என்பது என் கருத்து. நூற்றுக்கு ஒன்றேயானாலும் போதும். கணக்கில் வராதவருக்குக் குறை நேர்ந்தாலும் அது எவர் கண்ணிலும் படாது.

மாணவ நேயர்களே, மத்திய அரசின் டெண்டர்கள் இன்று இணையத்தில் வெளியாகின்றன. 2016-இல் தொடங்கிய ஜெம் என்னும் அரசு மின்சந்தையும் அங்கேதான் நடக்கிறது. உளி பிடிக்கத் தெரிந்த கைக்கு அந்தப் பக்கங்களைப் புரட்டத் தெரியாமல் இருக்கலாம், உங்களுக்குத் தெரியும். உங்கள் தெருவில் ஒரு தச்சரோ, தையற்காரரோ, ஊன்றுகோலோடு நடக்கும் முன்னாள் படைவீரரோ இருப்பார். விடுமுறையில் ஒரு நாள் அவரருகே அமர்ந்து உத்யம் பதிவைச் செய்து கொடுங்கள். ஒரு டெண்டர் அறிவிப்பை வரிவரியாகப் படித்துக் காட்டுங்கள். விலை எழுதுமுன் அவரோடு கணக்குப் போடுங்கள். படித்த படிப்பு பக்கத்து வீட்டுக்கும் பயன்படட்டும்.