மோஸல் நதிச்சரிவின் ஒயின்களை ருசித்து ஒப்பிடுதல்

ஜெர்மனியில் மோஸல் நதியின் செங்குத்தான கரைச்சரிவுகள் ஏறக்குறைய 50-வது வட அட்சரேகையில் இருக்கின்றன. திராட்சை பழுப்பதற்கு அவ்விடத்துக் குளிர் இடங்கொடாதென்றே எண்ணத்தோன்றும். ஆயினும், தெற்கு நோக்கிய சரிவுகளில் வெயில் நேராக விழுவதாலும், அங்குள்ள கரிய சிலேட்டுக்கல் பகலில் ஏற்ற உஷ்ணத்தை இரவில் வெளிவிடுவதாலும், ரீஸ்லிங் என்னும் வெள்ளை ஜாதி மெல்லப் பழுத்து, புளிப்பை இழவாமலே இனிப்பை அடைகிறது. அப்பிரதேசத்து ஒயினின் சிறப்பெல்லாம் இப்புளிப்பினாலேயே.

பழச்சாற்றின் கனத்தை ஓக்ஸ்லே அளவினால் கணிப்பர். 80 டிகிரி என்றால் ஒரு லிட்டர் சாறு 1,080 கிராம் நிறையுள்ளது என்பது பொருள். வெல்லங் காய்ச்சுமுன் கரும்புச் சாற்றைச் சோதித்துப் பார்க்கும் மிராசுதார்களுக்கு இது எளிதில் விளங்கும். 1971-ஆம் வருஷத்திய ஜெர்மன் ஒயின் சட்டப்படி காபினெட், ஷ்பேட்லேஸே, அவுஸ்லேஸே முதலிய தரங்கள் பழச்சாற்றின் இவ்வளவைக் கொண்டே ஏற்பட்டவை; இவற்றின் சாற்றில் சர்க்கரை சேர்த்தல் கூடாது. ஆகவே உயர்ந்த தரம் என்பது அதிகமாகப் பழுத்த பழம் என்பதேயன்றி, சிறந்த ஒயின் என்பதன்று. ருசித்துப் பார்ப்பது இதனாலேயே அவசியமாகிறது.

ஒரே தோட்டத்தில் ஒரே வருஷத்தில் விளைந்த மூன்று தரங்களையும் ஒரே அளவாகக் குளிரச் செய்து, புட்டிகளைத் துணியால் மூடிவிட வேண்டும். இலேசானதை முதலிலும் இனிப்பு மிகுந்ததைக் கடைசியிலும் ருசிக்க வேண்டும். முறை மாறினால், இனிப்புக்குப்பின் வரும் ஒயின் வெறும் புளிப்பாகவே தோன்றும். முதலில் முகர்ந்து, ஒரு வாய் கொண்டு, நாவெங்கும் பரவச்செய்தபின் துப்பிவிடுவது வழக்கம். காபினெட்டில் பச்சை ஆப்பிளின் வாஸனையும், ஷ்பேட்லேஸேயில் பீச்சுப் பழத்தின் வாஸனையும், அவுஸ்லேஸேயில் தேனின் சாயலும் பெரும்பாலும் காணலாம். பழகாதவர் இனிப்பு மிகுந்ததையே மெச்சுவர். துப்பியபின் வாயில் நீர் ஊறுகிறதா, பாகுபோல் திகட்டுகிறதா என்பதே நல்ல பரீட்சை. பழைய புட்டிகளில் மண்ணெண்ணெய் போன்ற வாஸனை எழுவதுண்டு. அது ரீஸ்லிங்கின் இயல்பு, கலப்படமன்று.

முன்னாளில் பழம் பழுக்குமோ என்பதே மோஸல் குடியானவரின் கவலை. சில நாள் பொறுத்தால் தரம் உயரும். மழை பெய்தால் பழம் அழுகும். சமீப காலத்தில் வெப்பம் உயர்ந்துவிட்டபடியால் இனிப்பு எளிதிற் கிட்டுகிறது. புளிப்பைக் காக்கவே முன்னதாக அறுக்க வேண்டியவராயினர். கொடியிலேயே பழம் உறைந்தாலன்றி உண்டாகாத ஐஸ்வைனுக்குப் பூஜ்யத்திற்குக் கீழ் 7 டிகிரிக் குளிராவது வேண்டும். 2019-ஆம் வருஷத்து விளைவில் அது ஜெர்மனி முழுவதிலும் ஏறக்குறைய இல்லாமலே போயிற்று.