வாசலில் ஊற்றிய சிவப்பு

இலங்கையின் மட்டக்களப்புப் பக்கத்து ஆரையம்பதிக்கு மேற்கே வாவி, கிழக்கே கடல். வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு வந்துவிட்டால் இடையிலுள்ள மணல் ஒழுங்கைகளெல்லாம் வேப்பிலையும் மஞ்சளும் மணக்கும். நிறத்தைக் கற்க விரும்பும் ஓவியருக்கு அங்கே முதல் பாடம் ஆலாத்தி (ஆரத்தி) தட்டிலேயே கிடைத்துவிடும். மஞ்சள் கரைத்த தண்ணீரில், வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பை விரல்நுனியளவு கலக்கிப் பாருங்கள். குபீரென்று சிவக்கும். சிவப்பான எதையும் நாம் அதில் போடவில்லை!

மஞ்சளுக்கு நிறம் தருவது குர்க்குமின். வெள்ளொளியின் ஊதா, நீலப் பகுதிகளை அது விழுங்கிவிடும்; மிஞ்சியது கண்ணுக்கு மஞ்சளாகத் தெரியும். சுண்ணாம்பு காரம். அது குர்க்குமின் மூலக்கூறிலிருந்து ஐதரசன் அயனைப் பறித்துக்கொள்ள, அங்குள்ள இலத்திரன்கள் இன்னும் தாராளமாகப் பரவுகின்றன. இப்போது மூலக்கூறு பச்சைப் பக்கத்து ஒளியையும் விழுங்கத் தொடங்கும். மிஞ்சுவது சிவப்பு. உடனே தேசிக்காய்ப் புளி விட்டால் திரும்பவும் மஞ்சள்.

கேரளத்துக் களமெழுத்தின் சிவப்பும் இதே கலவைதான். அரிசிமா வெள்ளை, உமிக்கரி கறுப்பு, மஞ்சள்பொடி, மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்த சிவப்பு, இலைப்பொடியின் பச்சை: இந்த ஐந்தால் பத்திரகாளியைத் தரையில் எழுதுவார்கள். மணிக்கணக்கில் எழுதிய அந்த உருவத்தைச் சடங்கின் முடிவில் அழித்துவிடுவார்கள். அழிக்காமல் விட்டாலும் மஞ்சள் நிலைக்காது. வெயில் குர்க்குமினை உடைத்துவிடும். காரத்தில் அது இன்னும் விரைவாகச் சிதையும்.

சடங்கின் நிறத்தைச் சுவரில் மாட்டும் படத்துக்குக் கொண்டுவர நினைப்பவர் இந்த இடத்தில் வேறு பொருளைத் தேடியாக வேண்டும். வங்கத்தில் யாமினி ராய் (1887–1972) தேடிப் போன வழி எனக்கு மிகவும் பிடிக்கும். கல்கத்தா அரசு ஓவியப் பள்ளியில் ஐரோப்பிய முறை பயின்றவர், பிறகு காளிகாட் படங்களையும் பெண்கள் தரையில் இடும் அல்பனாக் கோலத்தையும் பார்த்துத் தன் கையையே மாற்றிக்கொண்டார். தாயும் பிள்ளையும், சந்தால் மேளக்காரர், கிருஷ்ணன், இயேசு எல்லாரும் அவர் படங்களில் ஒரே நீள்விழியோடு நிற்கிறார்கள். விளக்குக் கரி, காவிமண், சுண்ணக்கட்டி போன்றவை அவர் வண்ணங்கள்; ஒட்டுவதற்குப் புளியங்கொட்டைப் பசை. கரி வெறும் காபன். காவியின் நிறம் இரும்பு ஒக்சைட்டால் வருவது. இரும்பு துருப்பிடித்து முடிந்த நிலை அது. சூரிய ஒளி அவற்றை எளிதில் உடைப்பதில்லை.

ஆரையம்பதி வாசலில் ஊற்றிய ஆலாத்தியோ வெயில் ஏற ஏறப் பழுப்பாகி மணலோடு மங்கும். அடுத்த நல்ல காரியத்துக்குப் புதிதாகக் கரைப்பார்கள்.